யமடா குடும்பமும் திறனாய்வின் அளவுகோல்களும்: ஒரு நகைச்சுவை அசைவூட்டப்படத்தின் ஏற்பு வரலாறு

முன்னுரை

ஒரு படைப்பு வெளிவந்த காலத்தில் பெறும் மதிப்பீடும் பிற்காலத்தில் பெறும் மதிப்பீடும் வேறுபடுதல் இலக்கிய வரலாற்றில் புதிதன்று. படைப்பு மாறுவதில்லை, அதனை அளக்கும் கோல் மாறுகிறது. எனவே ஏற்பு வரலாற்றை ஆராய்வது, ஒரு வகையில் திறனாய்வு தன்னைத்தானே ஆராய்ந்துகொள்வதாகும். இக்கட்டுரை, ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகாஹாட்டா 1999-இல் உருவாக்கிய ‘எங்கள் அண்டை வீட்டார் யமடா குடும்பத்தினர்’ என்னும் அசைவூட்டப்படம் திறனாய்வாளரால் எங்ஙனம் ஏற்கப்பட்டது என்பதை ஆராய்கிறது. இப்படம் முதலில் தோல்வியாகக் கருதப்பட்டது. பின்னர் ஒரு பெரும்படைப்புக்கு முன்னோடியாகப் போற்றப்பட்டது. இவ்விரு மதிப்பீடுகளிலும் ஒரே குறைபாடு உள்ளது என்பதும், அக்குறைபாடு நகைச்சுவையைக் கலையின் முதன்மைத் தளத்தில் வைத்துப் பார்க்கத் தயங்கும் மனப்போக்கிலிருந்து பிறக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

படமும் அதன் மூலமும்

ஹிசாயிச்சி இஷி என்னும் ஓவியர் ‘அசாஹி ஷிம்புன்’ நாளிதழில் 1991 முதல் வரைந்துவந்த நான்கு கட்டச் சித்திரக்கதையே இப்படத்தின் மூலம். தந்தை தகாஷி, தாய் மத்சுகோ, மகன் நொபோரு, மகள் நொனோகோ, மத்சுகோவின் தாய் ஷிகே, போச்சி என்னும் நாய் ஆகியோர் அடங்கியது யமடா குடும்பம். பாட்டி தந்தையின் தாயல்லர், தாயின் தாய். மருமகனோடு வாழும் மாமியார் என்னும் இவ்வுறவமைப்பு பல நகைச்சுவைக் கூறுகளுக்கு இடமளிக்கிறது.

படத்தில் தொடர்கதை ஏதுமில்லை. கடைத்தெருவில் மகளை மறந்துவிட்டு வீடு திரும்பும் குடும்பம், தொலைக்காட்சி அலைவரிசைக்காகக் கணவனும் மனைவியும் இடும் சண்டை, மழையில் நிலையத்தில் நிற்கும் தந்தைக்குக் குடை கொண்டுசெல்ல எவரும் முன்வராத மாலை, பனி பொழிவதைக் கண்டு நிழற்படம் எடுக்க அழைக்கும் தந்தையின் குரலுக்கு அசையாத வீட்டார் எனச் சிறுசிறு நிகழ்வுகளே அடுத்தடுத்து வருகின்றன. சில நிகழ்வுகளின் முடிவில் பாஷோ, பூசோன், சன்தோகா ஆகியோரின் ஐக்கூக் கவிதைகள் ஓதப்படுகின்றன. ஜப்பானிய மூலத்தில் அவற்றை ஓதியவர் யானகியா கொசஞ்சி. இவர் ‘ரகுகோ’ எனப்படும் ஒருவர் அமர்ந்து நிகழ்த்தும் நகைச்சுவைக் கதைசொல் மரபின் பெருங்கலைஞர் என்பது நோக்கத்தக்கது.

தொழில்நுட்ப நிலையிலும் இப்படம் தனித்தது. ஸ்டூடியோ ஜிப்லி நிறுவனம் முழுவதும் கணினி வழியாக உருவாக்கிய முதற்படம் இதுவே. ஆயினும் கணினியின் பளபளப்பு இதில் சிறிதும் இல்லை. நீர்வண்ணம் தோய்ந்த தாளில் விரைந்து வரைந்த கோடுகள் அசைவது போன்ற தோற்றமே திரையில் காணப்படுகிறது. கோட்டிற்கும் வண்ணத்திற்கும் தனித்தனித் தாள்கள் வரைய வேண்டியிருந்ததால், வழக்கமான படத்தைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு உழைப்பு தேவைப்பட்டது. எளிமையாகத் தோன்றும் ஓவியத்தின் பின்னே இத்துணை உழைப்பு இருந்ததைப் பார்வையாளர் உணர வாய்ப்பில்லை. உணராதிருக்க வேண்டும் என்பதே அக்கலையின் நோக்கமுமாகும்.

முதல் ஏற்பு: தோல்வி என்னும் தீர்ப்பு

இப்படம் 1999 ஜூலை 17 அன்று ஜப்பானில் வெளியாயிற்று. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1997-இல், அதே நிறுவனத்தின் மற்றோர் இயக்குநரான ஹயாவோ மியசாகியின் ‘இளவரசி மோனோனோகே’ ஜப்பானியத் திரையரங்க வசூலில் அதுவரை இருந்த எல்லைகளைக் கடந்திருந்தது. அதன் பின்னர் அந்நிறுவனத்திலிருந்து வரும் அடுத்த படம் என்னும் எதிர்பார்ப்பே யமடா குடும்பத்தின்மேல் முதலில் விழுந்த சுமை. வழக்கமான தோஹோ நிறுவனத்திற்கு மாறாக ஷோச்சிகு நிறுவனம் இதனை வெளியிட்டது. வசூல் எதிர்பார்ப்பை எட்டவில்லை. 2001-இல் வந்த ‘ஸ்பிரிட்டட் அவே’ மீண்டும் தோஹோ வழியாகவே வெளிவந்தது.

படத்தின்மேல் கூறப்பட்ட குறைகளை மூன்றாகத் தொகுக்கலாம். கதை இல்லை என்பது ஒன்று. ஓவியம் முற்றுப்பெறாதது போல் உள்ளது என்பது மற்றொன்று. அந்நிறுவனத்தின் படங்களில் எதிர்பார்க்கப்படும் வியப்பும் வீரமும் இல்லை என்பது மூன்றாவது. இம்மூன்றும் உண்மைக் கூற்றுகளே. படத்தில் தொடர்கதை இல்லை. ஓவியம் தாளின் வெண்மையை நிரப்பவில்லை. பறக்கும் எந்திரமோ காட்டுத் தெய்வமோ இல்லை. ஆனால் இல்லாமை என்பது தன்னளவில் குறையாகாது. படைப்பு எதனைத் தர முற்பட்டதோ அதனைத் தரவில்லை என்றால்தான் அது குறை. முதல் ஏற்பு இவ்வேறுபாட்டைப் போதிய அளவு கருதவில்லை.

ஆயினும் எதிர்ப்பு முழுமையானதாக இருந்ததில்லை. ஜப்பானிய ஊடகக் கலை விழாவில் 1999-ஆம் ஆண்டிற்கான அசைவூட்டப்படப் பிரிவில் இப்படம் சிறப்புப் பரிசு பெற்றது. மக்கள் வரவேற்பும் கலைத்துறையின் மதிப்பீடும் தொடக்கத்திலேயே பிரிந்து நின்றன என்பதற்கு இது சான்று.

ஒப்பீடுகளின் சிக்கல்

ஒரு புதிய படைப்பை விளங்கிக்கொள்ளத் திறனாய்வு நாடும் முதற்கருவி ஒப்பீடு. யமடா குடும்பத்திற்குச் செய்யப்பட்ட ஒப்பீடுகள் இருவகைப்பட்டன. ஜப்பானுக்குள் ‘சசாஏ சான்’ நினைவுகூரப்பட்டது. மச்சிகோ ஹசெகாவா 1946-இல் தொடங்கிய அச்சித்திரக்கதை 1969 முதல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்துகொண்டிருக்கிறது. மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பமே அதன் களம். ஜப்பானுக்கு வெளியே, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘தி சிம்ப்சன்ஸ்’ ஒப்பிடப்பட்டது.

இவ்வொப்பீடுகள் பொருளளவில் பொருத்தமானவை. சுவையளவில் முற்றும் பொருந்துவன அல்ல. இதனைத் தெளிவுபடுத்தத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைசெய்கிறது. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே தொல்காப்பியர் முதலில் வைக்கிறார். அது பிறக்கும் நிலைக்களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் குறிப்பிடுகிறார். பேதைமை அறிவின்மை எனவும், மடன் பிறர் அறிவுறுத்தியதை ஏற்று ஏற்றதைக் கைவிடாதிருத்தல் எனவும் உரைமரபு விளக்குகிறது. ஜப்பானியப் படம் ஒன்றிற்குத் தமிழிலக்கணம் விதி கூறும் என்பது இதன் கருத்தன்று. நகை ஒருதன்மைத்தன்று, அதற்கு வெவ்வேறு ஊற்றுகள் உண்டு என்னும் தெளிவே இங்கு வேண்டப்படுவது.

‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் நகை பெரும்பாலும் எள்ளலின் பாற்பட்டது. அரசியல், விளம்பரம், பள்ளி, சமய நிறுவனம் ஆகிய அனைத்தும் அங்கு எள்ளப்படுகின்றன. யமடா குடும்பத்தில் எள்ளல் மிகக் குறைவு. அங்கு மேலோங்குவன பேதைமையும் மடனும் ஆகும். மத்சுகோ எதையும் மறப்பவள். அவளுடைய மறதியைப் படம் இகழவில்லை. வீட்டார் அனைவரும் அதே மறதியில் பங்குகொள்கின்றனர். தகாஷி, ஒரு தந்தை இவ்வாறு பேச வேண்டும், இவ்வாறு அறிவுரை கூற வேண்டும் எனச் சமூகம் கற்பித்த உருவத்தைக் கைவிடாது பற்றிநிற்பவர். அவ்வுருவத்திற்கும் அவருக்கும் இடையிலான தொலைவே நகையைத் தோற்றுவிக்கிறது. இது மடனின் பாற்படும். கடைத்தெருவில் விடப்பட்ட நொனோகோ அழுவதில்லை. தொலைந்தவர்கள் தன் வீட்டாரே என்பது போல நடந்துகொள்கிறாள். இது இளமை பற்றிய நகை. எள்ளலை எதிர்பார்த்து வந்தவருக்கு இப்படம் கூர்மையற்றதாகத் தோன்றியிருப்பின் அதில் வியப்பில்லை. கருவி தவறானது, பொருள் தவறானதன்று.

வடிவம்: கதையின்மையா, தொடுப்பா?

கதை இல்லை என்னும் குறைகூறலை இங்கு மீண்டும் நோக்க வேண்டியுள்ளது. நான்கு கட்டச் சித்திரக்கதையின் அமைப்பைக் கி, ஷோ, தென், கெத்சு என்னும் நான்கு உறுப்புகளால் ஜப்பானியர் விளக்குவது வழக்கம். எழுவாய், தொடர்ச்சி, திருப்பம், முடிபு என இவற்றைத் தமிழில் கூறலாம். இவ்வமைப்பு சீனத்து நாலடிச் செய்யுளிலிருந்து வந்தது. எனவே இப்படத்தின் அடிப்படை அலகு உரைநடைக் கதைக்கு நெருக்கமானதன்று, செய்யுளுக்கு நெருக்கமானது.

ஐக்கூக் கவிதைகளின் இடமும் இதனையே வலியுறுத்துகிறது. 1916-இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை குறித்து எழுதிய காலந்தொட்டுத் தமிழுலகம் ஐக்கூவை அறியும். ஆயினும் ஆழ்ந்த அமைதி, இயற்கை, ஜென் மெய்யியல் என்னும் கோணத்திலேயே அது பெரிதும் அறியப்பட்டுள்ளது. பாஷோ வளர்த்த மரபின் வேர் ‘ஹைக்கை’ என்பதில் உள்ளது. அச்சொல்லின் பழம்பொருள் நகைச்சுவை சார்ந்தது. பலர் கூடி, ஒருவர் பாடியதற்கு மற்றொருவர் தொடுத்துப் பாடிய தொடர்ச்செய்யுள் மரபிலிருந்தே அது கிளைத்தது. அத்தொடர்ச்செய்யுளில் கதை இல்லை. ஆனால் தொடுப்பு உண்டு. முன்னதன் மனநிலையிலிருந்து அடுத்தது விலகியும் விலகாமலும் செல்லும்.

இப்பின்னணியில் நோக்கினால், வீட்டுச் சச்சரவு ஒன்றின் முடிவில் பாஷோவின் கவிதை ஒலிப்பது வெறும் அலங்காரமன்று என்பது புலனாகும். அன்றாடச் சிறுமையும் செவ்வியல் கவிதையும் அருகருகே வைக்கப்படும்போது இருதிசையிலும் ஒரு பெயர்ச்சி நிகழ்கிறது. கவிதை வீட்டிற்குள் இறங்குகிறது. வீடு கவிதைக்குள் ஏறுகிறது. முதலாவது நகையைத் தருகிறது. இரண்டாவது அந்நகைக்கு நிலைபேற்றைத் தருகிறது. தனித்தனிப் பாடல்களாக நின்றும் ஓர் உலகைக் காட்டும் தொகைநூல்களோடு பழகிய தமிழ்ப் படிப்பாளிக்கு இவ்வடிவம் அயலானதன்று.

இங்ஙனம் கூறுவதனால் படம் குறையற்றது என்று கொள்ளலாகாது. நாளிதழில் நாளொன்றுக்கு ஒன்றாகப் படிக்கப்படுவதற்கென எழுந்த அலகுகளை 104 நிமிடங்கள் தொடர்ந்து காண்பது வேறோர் அனுபவம். சில இடங்களில் தொடுப்பு தளர்கிறது. ஒரே வகை நகை மீண்டும் வருவதால் சோர்வு தோன்றுகிறது. முதல் ஏற்பில் இக்குறை சுட்டப்பட்ட அளவிற்கு நியாயமானதே. அதனைக் கதையின்மை எனப் பெயரிட்டதுதான் பிழை. அது தொடுப்பின் தளர்ச்சி.

கோடும் வெண்மையும்

முற்றுப்பெறாத ஓவியம் என்னும் குறைகூறலுக்கு விடை படத்தினுள்ளேயே உள்ளது. இரவில் தெருவில் ஊர்தி ஓட்டி ஆரவாரம் செய்யும் இளைஞர்களை அடக்குமாறு தகாஷி அனுப்பப்படும் பகுதியில் ஓவியப் பாணி திடீரென மாறுகிறது. எளிய கோட்டுருவங்கள் மறைந்து, உடலளவும் நிழலும் கொண்ட மெய்ம்மைத் தோற்றம் வருகிறது. அச்சம் என்பது மெய்யான எடை கொண்டது என்பதை அம்மாற்றம் உணர்த்துகிறது. தகாஷியால் ஒன்றும் செய்ய இயலவில்லை. மாமியாரும் மனைவியும் வந்து பேசி நிலைமையைத் தணிக்கின்றனர். பின்னர்த் தனியே அமர்ந்த தகாஷி, பழைய தொலைக்காட்சித் தொடரின் முகமூடி வீரனாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறார். நகை இங்கு அவலத்தின் விளிம்பைத் தொட்டுத் திரும்புகிறது. நுணுக்கமாக வரையும் ஆற்றல் இல்லாமையால் படம் எளிய கோட்டைத் தேர்ந்துகொள்ளவில்லை, தேவை கருதியே தேர்ந்துகொண்டது என்பதற்கு இப்பகுதியே சான்று.

தகாஹாட்டா ஓவியர் அல்லர். வரையாமல் இயக்கிய இயக்குநர். எனவே கோடு பற்றிய அவருடைய சிந்தனை கைப்பழக்கத்திலிருந்து வந்ததன்று, ஆராய்ச்சியிலிருந்து வந்தது. இப்படம் வந்த அதே 1999-இல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஜப்பானிய ஓவியச் சுருள்களில் அசைவூட்டத்தின் கூறுகளைக் காணும் ஆய்வுநூல் ஒன்றையும் அவர் வெளியிட்டார். பார்வையாளரை உள்ளிழுத்து மூழ்கடிக்கும் படங்களை அவர் ஐயத்தோடு நோக்கினார். காண்பது ஓவியமே என்னும் உணர்வு நீங்காமலேயே, அதன் வழியாகத் தாம் அறிந்த மெய்யான வாழ்வைப் பார்வையாளர் நினைவுகூர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தாளில் விடப்பட்ட வெண்மை அந்நினைவுக்கான இடம்.

இரண்டாம் ஏற்பு: முன்னோடி என்னும் பெருமை

ஜப்பானுக்கு வெளியே இப்படத்தின் பயணம் மெதுவாகவே நிகழ்ந்தது. ஆங்கில ஒலிச்சேர்க்கையுடன் அமெரிக்காவில் குறுந்தகடாக வந்தது 2005-இல்தான். மொழிபெயர்ப்பில் இழப்புகள் தவிர்க்க இயலாதவை. பள்ளி ஆசிரியை தூரிகையால் எழுதிக்காட்டும் ‘தெகிதோ’ என்னும் சொல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘தக்க அளவில்’ என்பதும் ‘ஏனோதானோ’ என்பதும் அச்சொல்லின் இரு பொருள்கள். படத்தின் வாழ்க்கைப் பார்வை முழுவதும் இவ்விரு பொருள்களுக்கும் இடையே நிற்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மொழிபெயர்ப்பில் படத்தின் நகை பாதியாகிவிடுகிறது. ரகுகோ கலைஞரின் குரல் ஐக்கூவிற்குத் தந்த இரட்டைத் தன்மையும் அவ்வாறே நீங்கிவிடுகிறது.

மதிப்பீட்டில் உண்மையான திருப்பம் 2013-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் தகாஹாட்டாவின் ‘இளவரசி ககுயாவின் கதை’ வெளியாயிற்று. மூங்கிலுக்குள் தோன்றிய பெண்குழந்தை வளர்ந்து, நிலவுலகிற்கு மீள நேரும் பழங்கதையே அதன் பொருள். அதே முற்றுப்பெறாத கோடு, அதே நீர்வண்ணம், அதே வெண்மை அங்குப் பெருமைக்குரியனவாயின. 2014-இல் கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் அது இடம்பெற்றது. 2015-இல் ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. 2018 ஏப்ரலில் தகாஹாட்டா மறைந்தபின் அவருடைய படைப்புகளை ஒருசேர நோக்கும் முயற்சிகள் பெருகின. 2020 மார்ச்சில் நெட்பிளிக்ஸ் வழியாக இந்தியப் பார்வையாளருக்கும் யமடா குடும்பம் எட்டியது.

இவ்விரு படங்களுக்கும் இடையே உள்ள உறவு பாணியளவில் மட்டும் நின்றுவிடவில்லை. யமடா படத்தின் தொடக்கத்தில் மணவாழ்வு ஒரு கற்பனைப் பயணமாகக் காட்டப்படும்போது, மகன் பீச் பழத்திலிருந்தும் மகள் மூங்கிலிலிருந்தும் தோன்றுகின்றனர். முன்னது மொமொதாரோ கதை. பின்னது ககுயா கதை. 2013-இல் பெருங்காவியமாக விரிந்த கரு 1999-இல் ஒரு நகைத்துணுக்காக ஏற்கெனவே இடம்பெற்றிருந்தது.

இதனால் யமடா குடும்பம் மீட்கப்பட்டது. ஆனால் எதற்காக மீட்கப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. பின்வந்த படத்திற்கு ஒரு பயிற்சிக்களம், ஒரு தொழில்நுட்பச் சோதனை, ஒரு முன்னோட்டம் என்றே அது பெரிதும் போற்றப்படுகிறது. கோடு பாராட்டப்படுகிறது, கோடு எதனை வரைந்ததோ அது பாராட்டப்படுவதில்லை. தகாஹாட்டாவின் புகழுக்கு அடிப்படையான மற்றொரு படம் 1988-இல் வந்த ‘மின்மினிகளின் கல்லறை’. போரில் பெற்றோரை இழந்த இரு குழந்தைகளின் கதை அது. அதுவும் ககுயாவும் அழுகையை முதன்மையாகக் கொண்டவை. மியசாகியின் படங்கள் மருட்கையையும் பெருமிதத்தையும் முதன்மையாகக் கொண்டவை. இவ்வரிசையில் நகையை முதன்மையாகக் கொண்ட படம் மட்டும் தன் பெயரால் மதிப்புப் பெறாமல், அழுகைப் படம் ஒன்றின் வழியாக மதிப்புப் பெற்றுள்ளது. முதல் ஏற்பு மருட்கையைத் தேடி ஏமாந்தது. இரண்டாம் ஏற்பு அழுகையைக் கண்டு நிறைவுற்றது. நகை இரண்டிலும் கடந்துசெல்லப்பட்டது.

நகையின் பெறுமானம்

குடும்பம் பற்றிய நகைச்சுவை எளிதாகக் கருதப்படுவதற்குக் காரணம் அதன் பொருள் எளிது என்னும் எண்ணமே. குடை கொண்டுவர எவரும் இசையாத நிகழ்வில், தந்தை வெறுத்துப்போய்த் தாமே ஒரு குடை வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். வழியில் வீட்டார் குடையோடு எதிரே வருகின்றனர். இங்கு அன்பு பேசப்படவில்லை, மன்னிப்பும் கோரப்படவில்லை. மறுப்பும் வருகையும் ஒரே குடும்பத்தின் இரு செயல்கள் என்பது மட்டுமே காட்டப்படுகிறது. பனியில் தனியே நின்ற தந்தைக்கோ அத்தகைய ஆறுதலும் இல்லை. ஒரே படம் இவ்விரண்டையும் ஒரே எளிமையோடு வைக்கிறது. குடும்பம் எப்போதும் இனியது எனவும் அது கூறவில்லை. எப்போதும் சுமை எனவும் கூறவில்லை. இந்நடுநிலையை அழுகையால் எட்டுதல் அரிது. அழுகை ஒருபக்கம் சாயும் இயல்புடையது. நகையே அதனை எட்டும் வழி.

முடிவுரை

இவ்வாய்வினால் பெறப்படுவன வருமாறு. யமடா குடும்பத்தின் முதல் ஏற்பு, படைப்பின் வகையை அறியாமல் பிறவகைப் படைப்பின் அளவுகோலால் அதனை அளந்தது. கதையின்மை எனச் சுட்டப்பட்டது உண்மையில் செய்யுள்சார்ந்த தொடுப்பமைப்பு. அதன் சில இடத் தளர்ச்சி மட்டுமே குறையெனத் தகும். எள்ளலை முதன்மையாகக் கொண்ட நகைச்சுவையோடு ஒப்பிட்டமையால், பேதைமையும் மடனும் பற்றிய நகை கூர்மையற்றதாகக் கருதப்பட்டது. இரண்டாம் ஏற்பு படத்தின் பாணியை மீட்டது. ஆனால் சுவையை மீட்கவில்லை. மூங்கிலில் பிறந்த இளவரசியின் முன்வரலாறாக அன்றி, மழையில் குடைக்காகக் காத்திருந்த ஒரு தந்தையின் கதையாகவே இப்படத்தைக் கண்டு மதிப்பிடும் மூன்றாம் ஏற்பு இனி நிகழ வேண்டியுள்ளது. மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்த மரபில் வந்த தமிழ்த் திறனாய்வு அதற்குத் துணைநிற்கும் தகுதி உடையது.